லிட்டருக்கு எத்தனை

விடுமுறை நாளில் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எழுப்புவதில்லை. அன்று அம்மா வந்து என் போர்வையை இழுத்தாள்.

"எந்திரி. உங்கப்பா சட்டையை மாட்டிக்கிட்டு எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கார் பாரு."

அம்மா இப்போதெல்லாம் அப்பாவைப் பற்றி என்னிடம்தான் பேசுகிறாள். அவரிடம் பேசுவது சாப்பாடு, துண்டு, கதவுத் தாழ்ப்பாள் பற்றி மட்டும்.

அப்பா கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. பைக்கு மேலே பெயர்ப் பட்டை இருந்த இடத்தில் தையல் ஓட்டைகள் தெரிந்தன. பட்டையை அவர்கள் பிரித்து வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"இந்தச் சட்டை எதுக்குப்பா?"

"வண்டி ஓட்டணும்ல."

நான் பல் தேய்க்கப் போனேன்.

நடந்ததை இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எத்தனை முறை சொன்னாலும் வேறு யாருடைய வீட்டிலோ நடந்தது போலத்தான் எனக்கு இருக்கிறது.

அப்பா ஓட்டுவது குளிர்ப்பெட்டி வேன். ஐஸ்கிரீம், உறைய வைத்த கறி, பட்டாணி எல்லாம் அதில் போகும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை காட்டும். வேன் மாலையில் டெப்போவுக்குத் திரும்பியதும் வாசலில் அந்தத் திரையைப் படம் எடுப்பார்கள். அதிக எண் எடுத்த டிரைவரின் பெயர் வாசல் பலகையில் முதலாவதாக வரும். வருஷக்கணக்காக அது அப்பாவின் பெயர். டெப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைலேஜ் மன்னர் என்பார்கள்.

புதிதாக வந்த மேனேஜர் பலகையில் இருந்த எண்ணையும் பங்க்கில் அப்பா போட்ட டீசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரை சொல்வது உண்மை என்றால், நாளொன்றுக்கு நாலு லிட்டர் டீசல் எங்கே போகிறது? மற்ற வண்டிகளுக்குக் கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. அப்பாவின் வண்டிக்குத்தான் வரவில்லை.

அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளை காலை விசாரணை. அதிலும் பதில் இல்லை என்றால் வேலை போகும், போலீஸில் புகாரும் கொடுப்பார்கள்.

அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "எடுத்தீங்களா?" அப்பா சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அதிலிருந்து வீடு இப்படித்தான் இருக்கிறது.

நான் பகலில் மருந்துக் கடையில் பில் போடுகிறேன். மாலையில் அளவுக் கருவிகள் பற்றிய வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் நான் கெட்டிக்காரி இல்லை. ஒரு தராசைச் சரிபார்க்கச் சொன்னால் மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், நான் நாலு தடவை பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு எழுதுவேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. திரையே பொய் சொன்னால்? உண்மையில் ஓடுவதைவிட அதிகமாகக் காட்டினால்? அப்படியானால் காணாமல் போன டீசல் என்று ஒன்று கிடையாது.

மேனேஜரிடம் கேட்டோம். வண்டியைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கம்பெனி ஆள் ஒருவர் கூடவே இருந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

அந்தக் கம்பெனி ஆள், என் அத்தான். அக்காவின் கணவர். டெப்போவில் சரக்கு ஏற்றும் மேடைகளுக்கு அவர்தான் பொறுப்பு. ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று அந்தத் திரையைப் படம் எடுத்தவரும் அவர்தான்.

வெளியே ஹாரன் அடித்தது.

"மன்னர் ரெடியா?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார் அத்தான். வந்த பிறகுதான் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே புரிந்தது. சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"போலாமா மாமா?"

"போலாம் மாப்பிள்ளை."

அம்மா ஒரு டப்பாவை என் கையில் திணித்தாள். "மூணு பேருக்கும் முட்டை அவிச்சு வெச்சிருக்கேன்." மூன்று பேருக்கும் என்பதை அழுத்திச் சொன்னாள்.

*

பங்க்கில் டீசல் போடும் அக்கா ஒருவர் நின்றிருந்தார். தலையில் தொப்பி, காதில் இயர்போன்.

"ஃபுல்லா?"

"ஃபுல்தான்க்கா. ஆனா டேங்க் நிறைஞ்சு குழாய்ல முதல் 'டக்' கேட்டதும் கையை எடுத்துடணும். அதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்."

அவர் இயர்போனைக் கழற்றினார். "எல்லாரும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னுதான் கேப்பாங்க. நீ என்னம்மா?"

"வேனைக் கொஞ்சம் ஆட்டினா இன்னும் ரெண்டு லிட்டர் உள்ளே போகும்" என்றார் அத்தான்.

"அத்தான், ஆட்டக் கூடாது."

"சும்மா சொன்னேன் தாயே."

நான் குனிந்து நாலு சக்கரத்தையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். திரும்பி வந்து நிரப்பும்போது வேன் இதே இடத்தில், இதே சாய்வில், இதே குழாயின் முன்னால் நிற்க வேண்டும். தரை கொஞ்சம் சரிந்தாலும் டேங்க்கில் போகும் அளவு மாறும். இதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நானே யோசித்தேன். அதனாலேயே சரியா என்று சந்தேகமாக இருந்தது.

"விபத்து நடந்த இடம் மாதிரி கோடு போடுறியே" என்றார் பங்க் அக்கா.

டக்.

அவர் கையை எடுத்தார். "ரவுண்டா ஆக்கிடட்டுமா? கொஞ்சம்தான் குறையுது."

"வேண்டாம்க்கா. ப்ளீஸ்."

வேனில் ஏறினோம். நான் நடுவில், அத்தான் ஜன்னல் ஓரம்.

"அப்பா, திரையைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க."

நான் சொல்லி முடிக்கும் முன்பே அப்பாவின் பெருவிரல் பட்டனில் போய் உட்கார்ந்தது. அவர் பார்க்கவே இல்லை. அழுத்திப் பிடித்தார். எண்கள் அழிந்தன.

"குளிர்ப்பெட்டியையும் போட்டுக்குங்க மாமா" என்றார் அத்தான். "தினம் ஓடற மாதிரியே ஓடணும். அப்புறம் ஆபீஸ்ல குறை சொல்லக் கூடாது பாருங்க."

அப்பா இன்னொரு சுவிட்சைத் தட்டினார். பின்னால் ஏதோ உறுமத் தொடங்கியது.

*

அப்பா ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவர் பிரேக்கைத் தொடுவதே இல்லை. தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிடுவார். வேன் தானாக மெதுவாகி, விளக்கு பச்சையாகும் நேரத்துக்குப் போய்ச் சேரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவர் காதில் விழாது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் கல் எண்ணும் வேலையை அத்தானிடம் கொடுத்தேன். சாலையோரக் கிலோமீட்டர் கல் வரும்போதெல்லாம் அவர் சொல்ல வேண்டும், நான் வேனின் கிலோமீட்டர் எண்ணோடு ஒப்பிட்டு எழுதுவேன். போன வருஷம் இந்த வேனுக்கு டயர் மாற்றினார்கள். புது டயரின் சுற்றளவு கொஞ்சம் வேறாக இருந்தால் வண்டி ஓடாத தூரத்தை ஓடியதாகக் காட்டும். அப்படி இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அளக்கிறவள் எதையும் வேண்டிக்கொள்ளக் கூடாது.

"கல்லு... கல்லு... ஐயோ, ஒண்ணை லாரி மறைச்சிடுச்சு. அதுக்கு அரை மார்க் குடு."

"அரை மார்க் எல்லாம் கிடையாது அத்தான்."

"இவளைக் கட்டிக்கப் போறவன் பாவம் மாமா. சாப்பாட்டைக்கூட அளந்துதான் போடுவா. ஏ அளவுகோல், இந்தக் கல்லை எழுதினியா?"

அப்பாவின் உதடு லேசாக இழுத்துக்கொண்டது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

அத்தான் நல்லவர். இதை எழுதத்தான் வேண்டும். என் வகுப்புக்குக் காரணமே அவர்தான். "பொண்ணு படிக்கட்டும் அத்தை, டெப்போவுல எத்தனை மெஷின் இருக்கு, ஒண்ணைச் சரியாப் பார்க்க ஆள் இல்ல" என்று அம்மாவிடம் அவர்தான் பேசினார்.

இருபது கல் முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். வண்டியும் கற்களும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டின. டயரில் தப்பில்லை.

"என்ன?" என்றார் அத்தான்.

"தூரம் சரியாத்தான் காட்டுது."

"அப்ப இன்னொரு பக்கம் தப்பா இருக்கும். விடு."

திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடை. அத்தான் இறங்கிப் போனார். நானும் அப்பாவும் வேனிலேயே முட்டை சாப்பிட்டோம். அப்பா ஓட்டை உரித்துத் துணுக்குகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேனில் குப்பை போட மாட்டார்.

"பாப்பா."

"ம்."

"நான் எடுக்கல."

நான் டப்பாவின் மூடியை மூடினேன். 

"ஆனா எங்க போச்சுன்னும் தெரியல. அவங்க திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. உங்கம்மா ஒரு தடவை கேட்டா. கேட்டுக் கேட்டு, ஒருவேளை எடுத்திருப்பேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி படுத்தா, கேனை வெச்சு டீசல் புடிக்கிற மாதிரி என் கையே எனக்குத் தெரியுது."

இதை அவர் ரேடியோவில் வானிலை படிப்பது போலச் சொன்னார். அதற்குள் அத்தான் மூன்று டீயோடு வந்துவிட்டார்.

*

பங்க் அக்கா எங்களைப் பார்த்ததும் இயர்போனை அவராகவே கழற்றினார். அப்பா சாக்பீஸ் கோடுகளுக்குள் சக்கரங்களை ஒரே திருப்பில் கொண்டு வந்து நிறுத்தினார்.

"டக் சத்தத்தோட நிறுத்தணும், அவ்வளவுதானே? எனக்குப் பாடமாயிடுச்சு."

டக்.

நான் பங்க்கின் எண்ணை எழுதினேன். ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுத்தேன். மறுபடி வகுத்தேன். தாளின் இன்னொரு மூலையில், பழைய கணக்கைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலிலிருந்து வகுத்தேன்.

லிட்டருக்குப் பதினொன்று புள்ளி ஆறு.

எட்டித் திரையைப் பார்த்தேன். பதினொன்று புள்ளி ஏழு.

"என்ன சொல்லுது?" என்றார் அத்தான்.

"திரை பொய் சொல்லல."

"அட! அப்ப நல்லதுதானே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திரை சரியாகத்தான் காட்டுகிறது. அப்பாவும் பலகையில் இருந்த எண்ணுக்குத் தக்கபடிதான் ஓட்டுகிறார். அப்படியானால் அந்த நாலு லிட்டர் உண்மையிலேயே காணாமல் போயிருக்கிறது. அப்பாவைக் காப்பாற்ற நான் கேட்டு வாங்கிய சோதனை, மேனேஜரிடம் இல்லாத ஆதாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டது. நாளைக்கு அவர் கேட்கப் போவது இவ்வளவுதான்: உங்கள் பெண்ணே அளந்து பார்த்தாளாமே?

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாக்பீஸ் கோட்டைக் காலால் தேய்த்தேன். அழியவில்லை.

"நான் என்னன்னு எழுதறது மாமா?" அத்தானின் குரல் இறங்கியிருந்தது.

"இருக்கறதை எழுதுங்க மாப்பிள்ளை."

*

வேனை டெப்போவில் கொண்டு போய் விட வேண்டும். சாயங்காலம் வேறொரு டிரைவர் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புவார். விடுமுறை என்பதால் டெப்போவில் யாரும் இல்லை, வாசல் காவலர் மட்டும் கதவைத் திறந்துவிட்டு அப்பாவுக்குச் சலாம் வைத்தார். வைத்த பிறகு, வைத்திருக்கக் கூடாதோ என்பது போலக் கையைப் பார்த்துக்கொண்டார்.

பலகையில் முதல் இடம் துடைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் இடத்திலிருந்துதான் பெயர்கள் ஆரம்பித்தன.

அப்பா வழக்கமாகச் சரக்கு ஏற்றும் மூன்றாம் மேடையில் வேனைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

"ஏன்பா ஓடிட்டே இருக்கு?"

"பெட்டி குளிரா இருந்தாத்தான் சரக்கு ஏத்துவாங்க. எஞ்சின் நின்னா குளிரும் நின்னுடும்."

"ஏத்தி முடியற வரைக்கும் ஓடணுமா?"

"ஆமா. காலையில வந்ததும் போட்டு விடுவேன். குளிர் ஏறணும், பசங்க பெட்டியெல்லாம் அடுக்கணும். ரெண்டு மணி நேரம் ஆயிடும்."

அத்தான் சாவிப் பலகைக்குப் போயிருந்தார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சும்மா இருக்கும்போது கண் எங்காவது எண்ணைத் தேடும். திரையைப் பார்த்தேன். பதினொன்று புள்ளி ஏழு, பதினொன்று புள்ளி ஆறு ஆகியிருந்தது.

சந்தேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் புள்ளி ஐந்து. அப்புறம் புள்ளி நாலு. வேன் நின்ற இடத்திலேயே நிற்க, எண் படி இறங்குவது போல இறங்கிக்கொண்டிருந்தது. ஓடாத வண்டி டீசல் குடித்தால் சராசரி குறையத்தானே செய்யும். அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல கருவி, சரியாகத்தான் கணக்குப் போடுகிறது என்று மட்டும் நினைத்தேன்.

எண் பத்துக்குக் கீழே போனபோது அத்தான் தூரத்திலிருந்து கை காட்டினார். "மாமா, அந்த டிரைவர் லேட்டா வராராம். வண்டியை வாசல் பக்கமா நிழல்ல நிறுத்திடுங்க."

அப்பா கியரைப் போட்டார். மேடையை விட்டு நகர்ந்ததும் தரையில் ஒரு சின்ன மேடு. முன் சக்கரம் அதில் ஏறி இறங்கியது.

அப்பாவின் பெருவிரல் பட்டனுக்குப் போனது. அழுத்திப் பிடித்தது. திரை பூஜ்யமாயிற்று.

"அப்பா! ஏன்பா அழுத்தினீங்க?"

"எதை?"

"பட்டனை. இப்ப."

அப்பா தன் கையைப் பார்த்தார். அது அவருடையதா என்று யோசிப்பவர் போல. "அழுத்தினேனா?"

"தினமும் இங்கதான் அழுத்துவீங்களா? சரக்கு ஏத்தி முடிச்சு, கிளம்பும்போது?"

"கிளம்பும்போதுதானே அழுத்தணும்? வண்டி நகர்ந்தாத்தானே வேலை ஆரம்பிக்குது."

வேன் நின்றது. குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

காலையில் இரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் குடித்த டீசலைத் திரை ஒழுங்காகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். மேட்டைத் தாண்டும்போது அப்பாவின் விரல் அதை அழித்துவிடும். சாயங்காலம் வாசலில் படமாவது சாலையில் ஓடிய பாதி நாள் மட்டும். அதனால்தான் அவர் இன்னும் மன்னர். அதனால்தான் அவர் திருடர். மற்ற டிரைவர்கள் பட்டனைத் தொடுவதே இல்லை. தங்கள் எண்ணில் அவர்களுக்கு அவ்வளவு ஆசை கிடையாது.

கிடைத்துவிட்டது என்று கத்தியிருக்க வேண்டும். நான் கத்தவில்லை. இறங்கி மூன்றாம் மேடைக்கு நடந்தேன். மற்ற வண்டிகள் எப்படிக் குளிர்கின்றன என்ற சந்தேகம் பாக்கி இருந்தது.

முதல் மேடையிலும் இரண்டாம் மேடையிலும் சுவரில் பெரிய மின் பிளக்குகள் தொங்கின. எஞ்சினை நிறுத்திவிட்டு அதில் செருகினால் பெட்டி கரண்ட்டில் குளிரும். மற்ற வண்டிகளுக்குக் கணக்கு சரியாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாம் மேடையிலும் பிளக் இருந்தது. கருகிப்போய், அதன் வாயில் கறுப்பு டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருந்தது. டேப்பின் மேல் தூசி படிந்திருந்தது.

அத்தான் என் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் கேட்டதையெல்லாம் அவரும் கேட்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு அத்தான்?"

"போன மழைக்கு முன்னாடி."

"ஆபீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேனே. சொல்லி, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தான். சாமான் வாங்கிட்டு நாளைக்கு வரேன்னான். மாசக் கடைசி. எல்லா ரிப்பேரும் முடிஞ்சுதான்னு மேலேருந்து கேட்டாங்க. எப்படியும் வரப் போறானேன்னு..." கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். அவன் வரல. மாமாகிட்ட, ரெண்டு நாளைக்கு எஞ்சினை ஓட விட்டே ஏத்திக்குங்க, சரி பண்ணிடலாம்னு சொன்னேன்."

"பாப்பா" என்று அப்பா கூப்பிட்டார். "வா, போலாம்."

எஞ்சினை அணைத்து, இறங்கி வந்து அத்தானிடம் சாவியை நீட்டினார். அத்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

*

நடந்தே வந்தோம். அப்பா எப்போதும் போலச் சாலையின் ஓரத்தை ஒட்டியே நடந்தார்.

"போர்டுல இருந்த நம்பர் பொய்யா பாப்பா?"

"பொய்யில்லப்பா. அதுல பாதி நாள்தான் இருந்துச்சு."

"ம்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "நல்லாத்தான் ஓட்டினேன்" என்றார்.

"நல்லாத்தான் ஓட்டினீங்க. நானே அளந்தேனே."

தெரு முனை வந்ததும் நின்றார். "இன்னைக்கு அக்கா சாப்பிட வருவா. அவகிட்ட எதுவும் பேசாதே."

"அப்ப நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார். எனக்குப் புரிந்தது. டீசல் எங்கே போனது என்று சொன்னால் பிளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளக்கைப் பற்றிச் சொன்னால், சரி செய்யாததைச் சரி செய்தாயிற்று என்று யார் சொன்னது என்று கேட்பார்கள். அப்பா வேலைக்குத் திரும்புவார், அத்தான் வீட்டுக்கு அனுப்பப்படுவார். சொல்லாவிட்டால் அத்தான் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார், அப்பா போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்த்தேன். எதுவும் கனக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா சீக்கிரமே வந்து அடுப்படியில் நின்றிருந்தாள். "என்னடி, முகமெல்லாம் தூசி? பாஸா ஃபெயிலா?"

"இன்னும் கணக்குப் பார்க்கணும்க்கா."

"நீ என்னைக்குப் பார்த்து முடிச்சே?"

அத்தான் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்தார். ஐவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். அத்தான் தட்டில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, வாயைத் தெச்சுட்டாங்களா?" என்று அக்கா அவரை இடித்தாள். "மூணு பேரும் ஊமையாயிட்டு வந்திருக்கீங்க."

அம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"நீ அளந்துட்டு வந்திருக்கே. எனக்கு உன் புள்ளி எல்லாம் புரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. எடுத்தாரா, இல்லையா?"

இத்தனை நாளும் எதையும் ஒரு தடவையில் நான் சொன்னதில்லை.

"எடுக்கலம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அம்மாவின் தோள்கள் ஒரு அங்குலம் கீழே இறங்கின. எத்தனை நாளாக அப்படித் தூக்கி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் கரண்டியை எடுத்து, அப்பாவைக் கேட்காமலேயே, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். பிறகு திரும்பி என்னிடம் கேட்டாள்.

"அப்ப எங்க போச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக, யாருக்கும் தெரியாத அளவுக்கு ஆட்டினார். அவருடைய பெருவிரல் மேஜை விளிம்பில் இருந்தது. அழுத்திப் பிடித்திருந்தார். நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு, எடுக்காமல் பிடித்திருந்தார்.

"சாப்பிட விடு அவளை" என்றார்.

"நான் அவளைத்தான் கேட்டேன்."

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. அத்தான் தட்டைத் தொடாமலே எழுந்து நின்றிருந்தார்.

"அத்தை, அதை நான் சொல்றேன்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வழக்கமாக அவர் இப்படி எழுந்து நின்றால் ஏதாவது வேடிக்கையாகத்தான் சொல்வார். அதைக் கேட்க அவள் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.